ஐம்பது டொலர் ரிக்கெற்றும் மூன்று வருடக் காப்புறுதியும்

ஸ்காபரோவில் மணிக்கு 60 கிலோமீற்றர் என்று பலகை போட்டிருக்கும் வீதி. ஒருவர் 92இல் போகிறார். பொலிஸ் மறிக்கிறது. வேலைக்குப் பிந்திவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். அதிகாரி இரக்கப்பட்டு, 32 கிலோமீற்றர் மிகைவேகத்தை 15 ஆகக் குறைத்து எழுதிக் கொடுக்கிறார். "பொயின்ற்ஸ் ஒன்றும் இல்லை" என்று ஆறுதலும் சொல்கிறார். தண்டப்பணம், நீதிமன்றச் செலவு, மேலதிக அறவீடு எல்லாம் சேர்த்தாலும் ஐம்பது டொலர் சுற்றில்தான் வருகிறது. வீட்டுக்குப் போன கையோடு கைபேசியிலேயே பணத்தைக் கட்டிவிட்டு, பெரிய தலையிடி ஒன்று நீங்கியது என்று அவர் நிம்மதியாகப் படுக்கிறார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர்தான், சொன்னதும் பொய்யில்லை. ஆனால் ஒன்ராறியோவின் மாகாணக் குற்றங்கள் சட்டத்தின்படி, ரிக்கெற்றுக்குப் பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஏற்றுக்கொள்வது. கட்டிய அன்றே அவருடைய சாரதிப் பதிவில் ஒரு குற்றத்தீர்ப்பு ஏறிவிட்டது. பொயின்ற்ஸ் இல்லாத குற்றத்தீர்ப்பும் குற்றத்தீர்ப்புத்தான். காப்புறுதி நிறுவனம் பார்ப்பது அதைத்தான். இந்த விபரம் தெரியாமல் நம்மவர்கள் ஆண்டாண்டாகக் கூடுதல் பணம் கட்டி வருகிறார்கள். ரிக்கெற் கிடைத்த முதல் பதினைந்து நாள் என்பது உண்மையில் அடுத்த மூன்று வருடக் காப்புறுதியைப் பற்றிய முடிவை எடுக்கும் காலம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓட்டிவிட்டுத் தப்பிப்பது எப்படி என்று இங்கே எழுதவில்லை. பாடசாலைக்கு முன்னால் விரைந்து போகிறவர் அதற்கான விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த விலை, எவ்வளவு காலத்துக்கு, அதை எதிர்த்துப் பேச என்ன வழி என்பது தெரியாமல் கையெழுத்துப் போடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

இரண்டு கணக்குகள்

பொயின்ற்ஸ் என்பது மாகாண அரசாங்கத்தின் கணக்கு. எல்லோரும் பூச்சியத்தில் தொடங்குகிறோம், குற்றத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டு போகும். 15 கிலோமீற்றர் வரையான மிகைவேகத்துக்கு ஒன்றுமில்லை. 16 முதல் 29 வரை 3, 30 முதல் 49 வரை 4, 50 அல்லது அதற்கு மேல் 6. சிவப்பு விளக்கில் நிற்காமல் போனாலும், ஸ்ரொப் பலகையில் முழுதாக நிறுத்தாமல் உருட்டிக்கொண்டு போனாலும் 3. ஆசனப்பட்டி போடாவிட்டால் 2. முழு ஜி லைசன்ஸ் உள்ளவர் 15ஐ எட்டினால் லைசன்ஸ் 30 நாள் இடைநிறுத்தப்படும். ஜி1, ஜி2 சாரதிகளுக்கு 9 பொயின்ற்ஸிலேயே 60 நாள். இந்தப் புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் பதிவில் இருந்துவிட்டு அழிந்துபோகும். இவற்றின் நோக்கம் ஒருவருக்கு லைசன்ஸ் இருக்கலாமா என்று அரசாங்கம் தீர்மானிப்பது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

காப்புறுதி நிறுவனம் வைத்திருப்பது வேறு கணக்கு. உங்கள் மூன்று வருடச் சாரதிப் பதிவை அது எடுத்துப் பார்க்கும். அதில் எத்தனை குற்றத்தீர்ப்பு, எந்த வகை, எப்போது என்பதே அதற்கு வேண்டியது. மூன்று வருடத்தை எண்ணுவதும் குற்றம் நடந்த நாளிலிருந்தல்ல, தீர்ப்பான நாளிலிருந்து. 15 மிகைவேகமும் 32 மிகைவேகமும் பெரும்பாலான நிறுவனங்களிடம் ஒரே பெட்டிக்குள்தான் விழுகின்றன, இரண்டுமே சிறு குற்றம். அதிகாரி குறைத்துக் கொடுத்ததால் அந்த மனிதருக்குத் தண்டப்பணம் குறைந்தது, நான்கு பொயின்ற்ஸ் தப்பியது. காப்புறுதியில் அவருக்கு ஒரு சதமும் மிச்சமாகியிருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 52 மிகைவேகத்தில் பிடிபட்டவருக்கு அதை 49 ஆக்கி எழுதினால் அது பெரிய உதவி, ஏனென்றால் 50ஐத் தாண்டினால் காப்புறுதியில் குற்றத்தின் வகையே மாறிவிடும். ஆகவே குறைத்துக் கொடுத்தார்களா என்பதோடு நிறுத்தாமல், குறைத்ததால் நீங்கள் எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு வந்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நிறுவனங்கள் குற்றங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கின்றன. சிறியவை: 50க்குக் குறைவான மிகைவேகம், ஸ்ரொப் பலகை, சிவப்பு விளக்கு, ஆசனப்பட்டி, தவறான திருப்பம், காப்புறுதிச் சீட்டைக் காட்டத் தவறுவது போன்றவை. நடுத்தரமானவை: நிற்கும் பாடசாலை பஸ்ஸைக் கடந்து போவது, காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது முதலியவை. பாடசாலை வலய மிகைவேகத்தையும் பல நிறுவனங்கள் இதற்குள் சேர்க்கின்றன. கடுமையானவை: கவனயீனமாக ஓட்டுதல், ஸ்ரண்ட் ட்ரைவிங், குடித்துவிட்டு ஓட்டுதல், லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டுதல். எல்லை எங்கே என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒவ்வொன்றும் தன் கட்டண முறையை ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்து அனுமதி பெற்றே நடத்துகிறது. ஒரே மனிதருக்கு, ஒரே காருக்கு, ஒரே ரிக்கெற்றுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கணக்குப் பார்ப்பது அதனால்தான்.

எவ்வளவு ஏறும் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது, ஆனால் போக்கைச் சொல்லலாம். முதல் சிறு குற்றத்தைச் சில நிறுவனங்கள் பொறுத்துக்கொள்ளும். சில நிறுவனங்கள் கட்டணத்தைக் கூட்டாமல், குற்றப்பதிவு இல்லாதவருக்குக் கொடுத்துவந்த தள்ளுபடியை எடுத்துவிடும். பேர் வேறென்றாலும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போவது ஒரே பணம். ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்: வருடம் 3,000 டொலர் கட்டுபவர் பத்து வீதத் தள்ளுபடியை இழந்தால் வருடத்துக்கு 300, மூன்று வருடத்துக்கு 900. ஐம்பது டொலர் ரிக்கெற்றின் உண்மையான விலை அதுதான். ஸ்காபரோ, பிரம்ரன் போன்ற நம்மவர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் அடிப்படைக் கட்டணமே கூட என்பதால், அதே பத்து வீதம் அங்கே இன்னும் பெரிதாக நிற்கும்.

இரண்டாவது சிறு குற்றத்தில் ஏற்றம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். மூன்றாவதில் நிறுவனம் புதுப்பிக்கவே மறுக்கலாம். ஒரேயொரு கடுமையான குற்றம் வந்தாலும் அதே கதி. அதன் பிறகு உயர் ஆபத்துச் சாரதிகளுக்கென்று இயங்கும் நிறுவனங்களிடம் போகவேண்டும், அங்கேயும் முடியாவிட்டால் கடைசிப் புகலிடமாக ஃபசிலிற்றி அசோசியேஷன். அங்கே கட்டணம் இரு மடங்கு, மும்மடங்கு என்று போவது சாதாரணம்.

ஒரே மறிப்பில் மூன்று ரிக்கெற் வாங்கி வருபவர்களும் உண்டு: மிகைவேகம், ஆசனப்பட்டி, காப்புறுதிச் சீட்டு. மூன்றையும் ஒரேயடியாகக் கட்டிவிட்டால் பதிவில் மூன்று குற்றத்தீர்ப்பு. ஒரு மாலை நேரத்தில் ஒருவர் உயர் ஆபத்துச் சாரதி ஆகிவிடும் வழி இது. சீட்டைக் கைபேசியில் மின்வடிவில் வைத்திருக்க 2019 முதல் இங்கே அனுமதி இருக்கிறது. இன்றைக்கே அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எவை காப்புறுதியைத் தொடுவதில்லை

வாகனத் தரிப்பு ரிக்கெற் காப்புறுதியைப் பாதிக்காது. சிவப்பு விளக்குக் கமரா பிடித்து வீட்டுக்கு வரும் தண்டமும் பாதிக்காது. கமரா பிடிப்பது இலக்கத்தகட்டை, யார் ஓட்டினார்கள் என்பதை அல்ல. தண்டம் வாகன உரிமையாளருக்கு வரும், எவருடைய சாரதிப் பதிவிலும் ஏறாது. வேகக் கமராக்களும் அப்படித்தான் இருந்தன. 2025 நவம்பர் 14 முதல் ஒன்ராறியோவில் அவற்றுக்குத் தடை வந்துவிட்டது. அதே சிவப்பு விளக்குக் குற்றத்தை ஒரு பொலிஸ் அதிகாரி நேரில் கண்டு உங்கள் பேருக்கு எழுதினால் மட்டும் கதை வேறு.

இவற்றைக் கட்டாமல் விடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நிலுவை இருந்தால் இலக்கத்தகட்டைப் புதுப்பிக்க முடியாது. இலக்கத்தகட்டு ஸ்ரிக்கர் 2022இல் ஒழிந்து, 2024 ஜூலை முதல் புதுப்பித்தல் தானாக நடக்கிறது. நிலுவை வைத்திருப்பவருக்கு அது நடக்காது. ஸ்ரிக்கரும் இல்லாததால் காலாவதியானது கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காரில் பொலிஸிடம் மாட்டினால் அது இன்னொரு ரிக்கெற்.

மொன்றியலுக்குக் கோயில் திருவிழாவுக்கோ, நியூயோர்க்கில் உறவினர் கலியாணத்துக்கோ போகும் வழியில் வாங்கிய ரிக்கெற் இங்கே வந்து சேராது என்று பலர் நம்புகிறார்கள். வந்து சேரும். மற்ற மாகாணங்களோடும் நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களோடும் ஒன்ராறியோவுக்கு உடன்பாடு இருக்கிறது. அங்கே நடந்த குற்றத்தீர்ப்பு இங்கே நடந்ததைப் போலவே உங்கள் பதிவில் விழும்.

சிறிது என்று நினைத்துப் பெரிதாவது

கைபேசி விடயத்தில் நாம் இன்னும் அசட்டையாகவே இருக்கிறோம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது வட்ஸ்அப்பைத் தட்டிப் பார்த்தாலும் அது குற்றம்தான். முதல் முறை குற்றத்தீர்ப்பாகும்போது, நீதிமன்றம் போகாமல் தீர்த்தால் 615 டொலர், போய்த் தோற்றால் 1,000 வரை, 3 பொயின்ற்ஸ், 3 நாள் லைசன்ஸ் இடைநிறுத்தம். ஜி2 வைத்திருக்கும் பிள்ளைக்குப் பொயின்ற்ஸுக்குப் பதிலாக 30 நாள் இடைநிறுத்தம். பல காப்புறுதி நிறுவனங்கள் இதைச் சிறு குற்றமாக எடுப்பதில்லை.

அடுத்தது விபத்து நடந்த இடத்தில் எழுதப்படும் கவனயீனக் குற்றச்சாட்டு, நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. முன்னால் நின்ற காரில் மோதிவிட்டீர்கள், பெரிய சேதமில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனாலும் கையில் கொடுக்கும் தாளில் இந்தப் பிரிவு இருக்கலாம். தண்டம் 400 முதல் 2,000 டொலர், 6 பொயின்ற்ஸ், இரண்டு வருடம் வரை லைசன்ஸ் இடைநிறுத்தம், சிறைக்கும் இடமுண்டு. காப்புறுதியில் இது கடுமையான வகை. விபத்துக்கான பழி ஒரு பக்கம், இந்தத் தீர்ப்பு மறுபக்கம் என்று இரண்டு அடி விழும். விபத்துகளில் எழுதப்படும் இந்தக் குற்றச்சாட்டு, விசாரணையின் முன் இன்னொரு குறைந்த குற்றமாக மாற்றப்படுவது வழக்கத்தில் உள்ளதுதான். கேட்காதவருக்கு அது கிடைக்காது. இந்த ஒரு ரிக்கெற்றையாவது சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஸ்ரண்ட் ட்ரைவிங் என்றவுடன் தெருவில் ரேஸ் ஓடும் இளைஞர்கள் நினைவுக்கு வருவார்கள். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வேக எல்லை 80க்குக் குறைந்த வீதியில் 40 கூடுதலாகப் போனாலே போதும். 60 போட்ட வீதியில் 100 என்றால் நீங்கள் அதற்குள் வந்துவிட்டீர்கள். நெடுஞ்சாலையில் 50 கூடுதல், அல்லது 150ஐத் தொட்டால். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, வீதியோரத்தில் வைத்தே லைசன்ஸ் 30 நாள் பறிபோகும், கார் 14 நாள் பொலிஸ் காவலில் நிற்கும். கார் தகப்பனுடையது என்றாலும் இழுத்துச் செல்வார்கள், செலவும் தகப்பனுக்கே. குற்றத்தீர்ப்பானால் தண்டம் குறைந்தது 2,000 டொலர்.

பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லவேண்டும். மகனின் பதிவில் இரண்டு ரிக்கெற், அவனைச் சேர்த்தால் கட்டணம் எகிறும் என்று அவன் ஓட்டுவதையே நிறுவனத்துக்குச் சொல்லாமல் விடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஸ்காபரோவில் இருந்துகொண்டு வேறு ஊரிலுள்ள உறவினர் விலாசத்தைக் கொடுப்பதும் அதே வகை. காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. விபத்து நடந்த அன்று உண்மை வெளிவந்தால் உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம், மற்றவருக்குக் கொடுத்த பணத்தையும் உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். பிள்ளை உண்மையிலேயே அந்தக் காரைத் தொடப்போவதில்லை என்றால், பேரைக் குறிப்பிட்டு விலக்கி வைக்கும் படிவம் ஒன்று உண்டு, 28ஏ என்பார்கள். அதில் கையெழுத்திட்ட பிறகு பிள்ளை ஒரு தடவை கடைக்கு ஓட்டிப்போனாலும் காப்புறுதி இல்லாமல் ஓட்டியது போலத்தான். அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது.

அந்தப் பதினைந்து நாள்

ரிக்கெற்றின் பின்புறத்தில் மூன்று வழிகள் இருக்கும். பணம் கட்டுவது, வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசுவது, விசாரணை கேட்பது. பதினைந்து நாளுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும்.

நம்மவர்களில் பலர் கோர்ட் என்ற சொல்லுக்கே கூச்சப்படுகிறார்கள். நீதிமன்றப் படியேறுவது மானக்கேடு என்ற எண்ணம், ஆங்கிலத்தில் தடுமாறிவிடுவோமோ என்ற பயம், ஒரு நாள் வேலை போகும் என்ற கவலை. கவலை நியாயமானது, அதனால்தான் இரண்டாவது வழியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். வழக்குத்தொடுநருடன் சந்திப்பு என்பது சில நிமிடப் பேச்சு, பல இடங்களில் தொலைபேசியிலோ காணொளியிலோ முடிந்துவிடும். குற்றத்தைக் குறைக்கவோ, பல ரிக்கெற்றுகளில் சிலவற்றை மீளப்பெறவோ அவரால் முடியும். அவர் சொல்வது பிடிக்காவிட்டால் விசாரணைக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கும். இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று ரிக்கெற்றோடு போனவர் ஒன்றோடு திரும்பினாலே மூன்று வருடக் காப்புறுதியில் பெரிய வித்தியாசம்.

பேசும்போது "பொயின்ற்ஸைக் குறையுங்கள்" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். இறுதியில் எந்தக் குற்றத்துக்குத் தீர்ப்பாகும், எத்தனை தீர்ப்பு என்று கேளுங்கள். உடனே சம்மதிக்க வேண்டியதில்லை, யோசிக்க நேரம் கேட்கலாம்.

மொழி ஒரு தடையாக இருக்க வேண்டியதே இல்லை. நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் கிடைப்பது கனடிய உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை, அதற்குக் கட்டணம் இல்லை. விசாரணை கேட்கும் படிவத்திலேயே தமிழ் என்று குறிப்பிடலாம். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று சமாளித்து, விளங்காமலே தலையாட்டிவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

விசாரணைக்குப் போவதென்றால் உங்களுக்கு எதிரான சான்றுகளை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம்: அதிகாரியின் குறிப்புகள், வேகம் அளந்த கருவி சோதிக்கப்பட்ட விபரம். அதிகாரி வராவிட்டால் தப்பலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் போகாதீர்கள், பெரும்பாலும் வருவார்கள். இங்கே ஒரு அபாயமும் இருக்கிறது. வீதியோரத்தில் குறைத்து எழுதப்பட்ட வேகத்தை விசாரணையில் மறுபடி உண்மையான வேகத்துக்கு உயர்த்தும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் வின்லோ வழக்கில் இதற்கு இடம் கொடுத்தது. முதலில் சொன்ன மனிதர் 15க்கு எதிராக விசாரணை கேட்டால் 32க்குத் தீர்ப்பாகும் சாத்தியம் உண்டு. காப்புறுதி வகை மாறாவிட்டாலும் பொயின்ற்ஸும் தண்டமும் கூடும். அதைத் தெரிந்துகொண்டு தீர்மானிப்பதுதான் முறை.

பரலீகல் ஒருவரை அமர்த்தினால் அவர் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவரா என்று அந்தச் சங்கத்தின் இணையப் பட்டியலிலேயே பார்க்கலாம். நம் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் "பொயின்ற்ஸ் இல்லாமல் முடித்துத் தருவோம்" என்று விளம்பரம் வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. பொயின்ற்ஸ் இல்லாமல் முடிப்பது பல ரிக்கெற்றுகளில் நீங்களே சாதிக்கக்கூடியது. உங்களுக்கு வேண்டியது குற்றத்தீர்ப்பு இல்லாமல் முடிவது, அல்லது காப்புறுதி கணக்கில் எடுக்காத ஒன்றாக மாறுவது. பணம் கொடுக்கும் முன் அதையே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் உங்களுக்காகக் குற்றத்தை ஏற்க முடியாது.

காலம் தவறிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உங்கள் தவறில்லாமல் அறிவித்தல் கிடைக்கவில்லை, அல்லது சமுகமளிக்க முடியவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரியவந்து 15 நாளுக்குள் வழக்கை மீளத் திறக்க விண்ணப்பிக்கலாம். தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது.

அறிவித்தல் கிடைக்காமல் போவது நம் சமூகத்தில் அடிக்கடி நடக்கிறது. பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தவர் வீடு மாறுகிறார். சட்டப்படி ஆறு நாளுக்குள் புதிய விலாசத்தைப் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், மறந்துவிடுகிறார். விசாரணைத் திகதி பழைய வீட்டுக்குப் போகிறது. அவர் இல்லாமல் தீர்ப்பாகிறது. தண்டப்பணம் கட்டப்படாததால் லைசன்ஸ் இடைநிறுத்தப்படுகிறது, அந்தக் கடிதமும் பழைய வீட்டுக்கே. ஒன்றும் தெரியாமல் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனவரைப் பொலிஸ் சாதாரணச் சோதனையில் மறிக்கும்போது அவர்மீது இடைநிறுத்தப்பட்ட லைசன்ஸுடன் ஓட்டிய குற்றச்சாட்டு விழுகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 டொலர், காப்புறுதியில் கடுமையான வகை. ஒரு சின்ன ரிக்கெற் இங்கே வந்து முடிகிறது. சேர்விஸ் ஒன்ராறியோவில் விலாசம் மாற்றச் சில நிமிடம் போதும், காசும் இல்லை.

புதுப்பிக்கும் நேரத்தில்

குற்றத்தீர்ப்பான மறுநாளே கட்டணம் ஏறாது. நடப்புக் காப்புறுதிக் காலம் முடியும்வரை பழைய கட்டணம்தான், நிறுவனம் உங்கள் பதிவைப் பார்ப்பது வழக்கமாகப் புதுப்பிக்கும்போது. புதுப்பிக்கப் போவதில்லை என்றாலோ நிபந்தனையை மாற்றப் போகிறது என்றாலோ குறைந்தது 30 நாள் முன்னதாக உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த முப்பது நாளை வீணாக்காதீர்கள். ஒரே நிறுவனத்தின் விலையைச் சொல்லும் முகவரிடமும், பல நிறுவனங்களை ஒப்பிடும் புரோக்கரிடமும் கேளுங்கள். முன்னர் சொன்னதுபோல் ஒரே குற்றத்தை எல்லோரும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை.

ஒரு நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட விதிகளுக்குள் நீங்கள் அடங்கினால், அது உங்களை ஏற்கத்தான் வேண்டும். ஒரே குழுமத்துக்குள் பல நிறுவனங்கள் இருந்தால் நீங்கள் தகுதிபெறும் மிகக் குறைந்த கட்டணத்தைச் சொல்லவும் வேண்டும். பெயரைக் கேட்டும் உச்சரிப்பைக் கேட்டும் தட்டிக்கழிப்பதற்கு இடமில்லை. விலை சொல்லாமல் இழுத்தடித்தால் முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தீராவிட்டால் ஜெனரல் இன்சூரன்ஸ் ஒம்புட்சேர்விஸ் என்ற சுயாதீன அமைப்பு இலவசமாக விசாரிக்கும். நிதிச் சேவைகள் ஆணையத்திடமும் முறையிடலாம்.

கட்டணம் தாங்க முடியவில்லை என்று மாதக் கொடுப்பனவை நிறுத்திவிடுவது மிக மோசமான வழி. பணம் கட்டாததால் ரத்தான காப்புறுதி உங்கள் வரலாற்றில் தனியாக ஏறி, அடுத்த நிறுவனமும் கதவடைக்கும். இதைவிட மோசமானது ஒன்றும் இருக்கிறது. உயர் ஆபத்துப் பட்டியலில் தள்ளப்பட்டு நிற்பவரைத் தேடி, முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் "பாதி விலையில் காப்புறுதி" என்று வருபவர்கள். புதிதாக வந்த குடியேறிகளும், தம் மொழி பேசுபவரை உடனே நம்பிவிடுபவர்களும்தான் இவர்களின் இலக்கு. கொடுக்கும் சீட்டு பார்வைக்கு அசல் போலவே இருக்கும். பொலிஸ் சோதிக்கும்போதுதான் அது போலி என்று தெரியும். ஏமாற்றப்பட்டவர் என்றாலும் காப்புறுதி இல்லாமல் ஓட்டியவர் அவர்தான். கட்டாய வாகனக் காப்புறுதிச் சட்டத்தில் முதல் முறைக்கே 5,000 முதல் 25,000 டொலர் தண்டம், அதற்கு மேல் அறவீடு. விபத்தில் ஒருவர் காயப்பட்டிருந்தால் வீட்டை விற்கும் நிலைகூட வரலாம். புரோக்கரின் பேரை ரிபோ என்ற பதிவு அமைப்பின் இணையப் பக்கத்தில் தேடிப்பாருங்கள். சீட்டிலுள்ள இலக்கத்தை எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை நீங்களாகவே தேடி அழைத்து, இந்தக் காப்புறுதி நடைமுறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தைத் தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்கு மின்பரிமாற்றம் செய்யச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ரிக்கெற் விழுந்து கட்டணம் ஏறிவிட்டவர்கள் பலரும் மறந்துவிடும் ஒன்று, அது இறங்கும் நாள். உங்கள் மூன்று வருடச் சாரதிப் பதிவைச் சேர்விஸ் ஒன்ராறியோவின் இணையத்தளத்தில் சில டொலர் கொடுத்து நீங்களே எடுக்கலாம். தீர்ப்பான திகதி அதில் இருக்கும், பிழையான பதிவு ஏதாவது இருந்தாலும் தெரியவரும். அந்தத் திகதியிலிருந்து மூன்று வருடத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எல்லா நிறுவனங்களும் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பதிவை எடுத்துப் பார்ப்பதில்லை. பழைய குற்றத்தீர்ப்பை வைத்தே கட்டணத்தைத் தொடர்ந்துகொண்டு போகலாம். உங்கள் புதுப்பித்தல் திகதி அந்த நாளுக்குச் சற்று முன்னால் வந்தால், இன்னொரு வருடம் முழுவதும் கூடுதலாகக் கட்டவேண்டி வரும். அப்படியானால் புரோக்கரை அழைத்து, தீர்ப்பு பதிவிலிருந்து நீங்கியவுடன் கட்டணத்தை மறுபடி கணக்கிடுவார்களா, அல்லது அந்த நாளில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் இடையில் ரத்துச் செய்யும் கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். கையில் புதிய சாரதிப் பதிவை வைத்துக்கொண்டு கேளுங்கள்.